எருக்கஞ்செடிக்குப் போட்ட கொசுவலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எனக்குப் பாதித் தலை நரைத்தது, மீதிப் பாதி கொட்டிப்போனது. தயங்கினதற்குக் காரணம் உண்டு. இது பிள்ளையார் சம்பந்தப்பட்ட கதை. படிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். என் மடத்தனத்தைச் சாக்காக வைத்து அவரைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்று பயம். அதோடு நான் படித்தது நாலாம் வகுப்பு. கடுதாசி எழுதினாலே "நலம், நலமறிய ஆவல்" தாண்டியதும் பேனா முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

போன வாரம்தான் என் மனைவி கனகம்மா முடிவாகச் சொன்னாள்.

"நீங்க எழுதலன்னா என் தம்பி சொல்றதுதான் நெலைக்கும். அவன் வருசத்துக்கு ஒரு பொய் சேத்துகினே போறான். போன பொங்கலுக்கு உங்கள பீரங்கி வாயில கட்டி வெச்சாங்கன்னு சொல்லிகினு இருந்தான். நடந்தத நடந்த மாரி எழுதிப் போடுங்க."

பீரங்கி இல்லை. ஒரு மேஜைக் கால்தான். ஆகவே எழுதுகிறேன்.

அப்போது வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். பெரிய சண்டை நடந்த காலம். வெள்ளானூரில் எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். பள்ளத்தில் நெல், மேட்டில் வேர்க்கடலை. கல்யாணமாகி மூன்று வருஷம். எனக்கு வயது இருபத்தாறு, பக்தி மட்டும் அறுபது வயதுக்காரனுடையது. (விபூதி பூசினால் நெற்றி தெரியாது. "சொவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாரி கீது" என்பாள் கனகம்மா.)

அவளுக்கு ஒரே தம்பி, தணிகாசலம். தாய் தகப்பன் இல்லாமல் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். ஆவடியில் பட்டாளத்து லாரிகள் போவதையும் வருவதையும் வேடிக்கை பார்த்துப் பார்த்து, ஒருநாள் தானும் ஒன்றில் ஏறிப் போய்விட்டான். லாரி ஓட்டுகிற வேலை, பர்மாப் பக்கம் என்று சொன்னார்கள். மாதம் ஒரு கடுதாசி வந்துகொண்டிருந்தது. ஐப்பசியோடு அது நின்றது. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே கனகம்மா அடுப்பை விட்டு எழுந்து போய் நிற்பாள். அவர் கடந்து போனதும் திரும்பி வந்து அடுப்பை ஊதுவாள். புகையினால் கண் கலங்கியதாக நானும் நம்பியதுபோல இருந்துகொள்வேன்.

எங்கள் வேர்க்கடலை மேட்டு வரப்பில் வெள்ளெருக்கு ஒன்று இருந்தது. ஊதா எருக்கு ரயில் பாதையோரம் முழுக்கக் கிடக்கும். வெள்ளை அந்த வட்டாரத்திலேயே எங்கள் வரப்பில் மட்டும்தான். யாரும் நட்டது கிடையாது. அதன் காய் முற்றி வெடித்தால் உள்ளே பட்டு மாதிரிப் பஞ்சு இருக்கும். அந்தப் பஞ்சில் திரி திரித்து நாற்பத்தெட்டு நாள் விளக்கேற்றுகிறேன், என் தம்பியை உயிரோடு கொண்டுவந்து சேர்த்துவிடு என்று ஏரிக்கரைப் பிள்ளையாரிடம் கனகம்மா வேண்டிக்கொண்டாள். "எங்க வரப்புச் செடி, எங்க பஞ்சு. கட சரக்கு இல்ல" என்று அவரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டு வந்தாள். தை மாதம், செடி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. சித்திரை வைகாசிக்குள் காய் முற்றிவிடும் என்று அவள் கணக்கு.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

திருவேற்காட்டில் கதாகாலட்சேபம் என்று கேட்கப் போனேன். பாகவதர் பேச்சோடு பேச்சாக, வண்டு வாய் வைக்காத பூதான் சாமிக்கு விசேஷம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். கூட்டம் பாட்டைக் கேட்டது, சுண்டலை வாங்கியது, வீட்டுக்குப் போயிற்று. நான் மட்டும் அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு வந்தேன். மறுநாள் காலை வரப்புக்குப் போய்ப் பார்க்கிறேன், நம் வெள்ளெருக்கில் ஒரு கருவண்டு! கட்டைவிரல் பருமன். பூவுக்குப் பூ சாவகாசமாக உட்கார்ந்து எச்சில் பண்ணிக்கொண்டிருக்கிறது.

ஓடி வந்து சொன்னேன். "கனகம், இத்தன நாளா சாமிக்கு எச்சில் பூவ இல்ல போட்டுகினு இருந்துட்டோம்!"

"எந்தப் பூவுலதான் வண்டு குந்தல?"

"அதான் சொல்றேன். இந்த ஒரு செடியயாவது காபந்து பண்ணணும். பூவும் சுத்தம், அதுல உண்டாவற காயும் சுத்தம், பஞ்சும் சுத்தம். உன் வேண்டுதல் ரெட்டிப்பா பலிக்கும் பாரு."

அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்: "போன கிருத்திகைக்குத் தேன் அபிசேகம் பண்ணீங்களே, அது யாரு எச்சிலு?"

அதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஆனால் எனக்குப் பதில் தெரியாத கேள்வியை யாராவது கேட்டால், அவர்களுக்கு சாஸ்திரம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவது அந்த வயதில் என் வழக்கம்.

நேரே பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே காதர் பாய் கயிறு, சாக்கு, தார்ப்பாய் வியாபாரம். பட்டாளத்தில் கழித்துப் போடுகிற சாமான்களையும் ஏலத்தில் எடுத்து விற்பார். எங்கள் வீட்டு நெல் மூட்டை சாக்கெல்லாம் அவர் கடை சாக்குதான்.

"பாய், பெரிய கொசுவலையா ஒண்ணு வேணும்."

"வா அண்ணாத்தே. எத்தினி பேர் படுப்பீங்க?"

"ஆளுக்கு இல்ல பாய், செடிக்கு."

கயிறு சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "செடிய கொசு கடிக்குதா?"

விவரத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தாடியை ஒரு தடவு தடவினார். "வண்டு இன்னா பாவம் பண்ணிச்சு நைனா? அதுக்கு ஆண்டவன் போட்ட சோறு அது. நீ போய் மூடி போட்டு மூட்றேன்றே."

"சாமி காரியம், பாய்."

சாமி காரியம் என்றதும் மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. பச்சை நிறத்தில், எட்டுப் பேர் தாராளமாகப் படுக்கிற அகலத்தில், ஒரு மூலையில் மட்டும் கிழிந்த பட்டாளத்து வலை ஒன்றை எடுத்து உதறித் தந்தார்.

வரப்பில் நாலு சவுக்குக் கழி நட்டு அதைக் கட்டினேன். வலை பெரிது, ஆகவே வெள்ளெருக்கோடு, அதை ஒட்டிப் படர்ந்திருந்த கோவைக்கொடி, கீழே கிடந்த கண்டங்கத்திரி, தும்பை எல்லாமே உள்ளே அடங்கிவிட்டன. (அவையெல்லாம் அப்போது எனக்குக் களை.) தினமும் விடிந்ததும் கிணற்றில் குளித்து, ஈர வேட்டியோடு வலைக்குள் தவழ்ந்து போவேன். ஒன்பது பூ மட்டும் பறிப்பேன், மற்றதைக் காய்க்க விட்டுவிடுவேன். கருவண்டு வெளியிலிருந்து வந்து வலையில் மோதும். சுற்றும், மறுபடி மோதும். "போ போ, வேற ஊட்டப் பாரு" என்று துண்டால் விசிறுவேன். எச்சில் படாத பூவைப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு, அவர் முகத்தில் ஏதாவது விசேஷ சந்தோஷம் தெரிகிறதா என்று வேறு கிட்டப் போய்ப் பார்ப்பேன்.

மாசி பிறந்தது. பூத்தது பூத்தபடி வாடி விழுந்தது. காய் ஒன்றுகூட இல்லை.

சாம்பல் போட்டேன். சாணி கரைத்து ஊற்றினேன். வேர்க்கடலைக்குப் பாய வேண்டிய தண்ணீரை எருக்குக்குத் திருப்பினேன். எருக்குக்குத் தண்ணீர் கட்டினவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். செடி கொழுகொழுவென்று வளர்ந்து இன்னும் பூத்தது. எல்லாம் பூவோடு சரி.

ஒருநாள் கஞ்சி கொண்டுவந்த கனகம்மா அங்கேயே நின்றுவிட்டாள். "இத்தப் பாத்தீங்களா? ஒரே கோவைக்கொடி. வலைக்கு வெளிய போன கெளையில பழம் செவசெவன்னு தொங்குது, கிளி வந்து கொத்திகினு கீது. உள்ள கீற கெளையில ஒரு பிஞ்சுகூட இல்ல."

"உள்ள இருக்கறது தவம் இருக்குது" என்றேன்.

எவ்வளவு அழகாகச் சொன்னேன் பாருங்கள்! கோடு கிழித்த மாதிரி கண்ணுக்கு நேரே தெரிகிறது: கோட்டுக்கு அந்தப் பக்கம் பழம், இந்தப் பக்கம் வெறும் பூ. அதைப் பார்த்துவிட்டு நான் சொன்ன வியாக்கியானம் இது. கனகம்மா பாத்திரத்தை வைத்தாள். "உங்க தவத்துல என் தம்பி வெளக்கு எரியாம போயிடப் போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்றைக்குப் புகையில்லாத இடத்திலேயே அவள் கண் கலங்கியிருந்தது.

பங்குனியில் ஒரு காலை, வழக்கம்போல வலைக்குள் போனால் உள்ளே ரீங்காரம். கிழிந்த மூலையை நான் தைத்திருந்த நூல் இற்றுப்போய், கருவண்டு உள்ளே புகுந்துவிட்டது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூஜைக்குக் கொண்டுபோன சொம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அதைத் துரத்தினேன். மண்டி போட்டுத் துரத்தினேன், குப்புறப் படுத்துத் துரத்தினேன். தலையெல்லாம் எருக்கிலை, வேட்டியெல்லாம் எருக்கம்பால். கடைசியில் சொம்பில் மாட்டியது. வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். (கொல்ல மனசு வராது. ரயில் பாதைக்கு அந்தண்டை கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று எண்ணம்.) மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வண்டிப்பாதையில் ஒரு லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று பிற்பாடுதான் யோசித்தேன். ஜப்பான்காரன் எப்போது குண்டு போடுவானோ என்று மதராஸே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். ஆவடிப் பட்டாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில், வயல் நடுவில், பட்டாளத்துப் பச்சை வலையைப் போர்த்துக்கொண்டு ஒரு புதர். அதற்குள்ளே தலையில் இலை செருகிக்கொண்டு, உடம்பெல்லாம் சாம்பல் பூசின ஓர் ஆசாமி.

"ஏய்!" என்றது ஒரு குரல். எட்டிப் பார்த்தால் துப்பாக்கி முனை. அதற்குப் பின்னால் சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்கார சார்ஜண்டு, கூட நாலு சிப்பாய்கள். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷில் இரண்டே வார்த்தைதான் தெரியும்: பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "எஸ் சார்" சொல்லப் பழக்கியிருந்தார்கள். பெரியவர்கள் எது கேட்டாலும் அதைச் சொன்னால் அடி விழாது என்பது நாலு வருஷப் படிப்பில் நான் கண்ட ஞானம்.

சார்ஜண்டு வலையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டார். நம் பட்டாளத்து வலையா என்று கேட்டிருக்க வேண்டும்.

"எஸ் சார்."

புதரைக் காட்டினார். "ஒயர்லெஸ்?"

"எஸ் சார்."

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஜப்பான்?"

"எஸ் சார்!" (உன் பெயர் என்ன என்று கேட்கிறார் போலிருக்கிறது, பதில் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று சத்தமாகவே சொன்னேன்.)

சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கத்தியால் என் வலையை மேலிருந்து கீழாக ஒரே கிழி கிழித்தான். ஒயர்லெஸ்ஸைத் தேடிப் புதரைக் குத்தினார்கள். கோவைக்கொடியைத்தான் கம்பி என்று நினைத்து இரண்டு பேர் இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த சொம்பு "ர்ர்ர்ரீங்ங்" என்றது.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். சார்ஜண்டு முகத்தில் இருந்த சிவப்பு போன இடம் தெரியவில்லை. சொம்பைக் காட்டி, "பாம்?" என்றார்.

தமிழில் பாம்பு என்று சொல்ல வந்து பாதியில் தடுமாறுகிறார் என்று எனக்கு இரக்கமாகப் போயிற்று. பாம்பு இல்லை என்று சொல்லத்தான் ஆசை. 'இல்லை'க்கு இங்கிலீஷ் தெரியவில்லையே! "எஸ் சார், வண்டு!" என்று சொம்பை அவரிடமே நீட்டினேன்.

அஞ்சு பேரும் தடாலென்று வரப்பில் குப்புற விழுந்தார்கள். பெரிய மனிதர்களே விழுகிறார்கள், நாம் நிற்பது தப்பு என்று நானும் விழுந்தேன்.

கொஞ்ச நேரம் ஆறு பேரும் பூமாதேவியைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. மணல் வாளியில் சொம்பை வைத்து, என் கையைக் கட்டி, லாரியில் ஏற்றினார்கள். அதற்குள் ஊர் கூடிவிட்டது. கனகம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தன ஏத்திகினு போனது பத்தலையாடா உங்களுக்கு?" என்று கத்தினாள். கூட்டம் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போகப் போக அவள் சின்னதாகிக்கொண்டே வந்தது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக எனக்கு உறைத்தது: சாமி காரியம் சாமி காரியம் என்று, அவள் வேண்டுதலை நான்தான் மூடி போட்டு மூடியிருக்கிறேன்.

ஆவடியில் ஓர் அறையில் என்னை மேஜைக் காலில் கட்டினார்கள். (மேஜைக் கால். தணிகாசலம் கவனிக்கவும்.) தமிழ் தெரிந்த அவில்தார் ஒருவர் வந்தார், வேலூர்ப் பக்கத்துக்காரர். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: பாகவதர், எச்சில், வலை, மச்சான், திரி. அவர் கேட்கக் கேட்கத் தோள் குலுங்கியது. ஆனாலும் வாயை அடக்கிக்கொண்டு சார்ஜண்டுக்கு மொழிபெயர்த்தார். பிறகு தள்ளி நின்று, நீளக் குச்சியால் சொம்பின் கட்டை அவிழ்த்தார்.

கருவண்டு வெளியே வந்தது. பாவம், கிறுகிறுத்துப் போயிருந்தது. பறக்கத் தெம்பில்லாமல், மேஜைமேல் விரித்திருந்த பெரிய வரைபடத்தின் நடுவில் போய் உட்கார்ந்து முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. சார்ஜண்டுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. வரைபடம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அதன்மேல் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, என் கட்டை அவிழ்க்கச் சொல்லி, கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

அந்தக் கண்ணாடிக்குள் நான் பார்த்ததை எப்படி எழுதுவேன்?

கருகருவென்று நான் வெறுத்த அந்த இறக்கையில் ஊதாவும் பச்சையும் நீலமும் மயில் கழுத்தாக ஓடியது. அது பெரிதில்லை. அதன் காலைப் பார்த்தேன். காலில் ஒரு கறுப்பு மணி, கடுகில் கால்வாசிகூட இருக்காது. அந்த மணியின் இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் வில்லை, பொன்னை இழைத்துப் பண்ணின மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. கறுப்பு மணியில் கோத்த ரெட்டைப் பொட்டு! எங்கள் பக்கத்தில் தாலிக்கு இரண்டு பொட்டு கோப்பது வழக்கம். நானே என் கையால் கனகம்மாவுக்குக் கட்டியது அதே மாதிரி ரெட்டைப் பொட்டுத்தான். ஒரு காலில் மட்டும் இல்லை. எண்ணிப் பார்த்தேன், மூன்று காலில் மூன்று ஜோடி.

"சாமி, தாலி!" என்று கத்திவிட்டேன்.

அவில்தார் அதையும் மொழிபெயர்த்தார். சார்ஜண்டு மெதுவாக ஏதோ சொன்னார். அவில்தார் என்னிடம், "தொரைக்கு ஊர்ல பழத்தோட்டம் இருக்குதாம். பூ பூக்கிற நாள்ல அவுங்க அப்பா தேனீக் கூண்டைக் கொண்டாந்து தோட்டத்துல வைப்பாராம். அதுங்க தூள எடுத்துனு போயி பூவுக்குப் பூ சேக்கலன்னா ஒரு பழம் காய்க்காதாம். நீ வலை போட்ட கதையக் கேட்டா அந்தப் பெரியவர் உன்னச் சுட்டே போட்ருப்பாருன்னு சொல்றாரு" என்றார்.

அதற்குள் காதர் பாய், வலையை ஏலத்தில் எடுத்ததற்கான சீட்டை எடுத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கனகம்மா பூந்தமல்லி வரைக்கும் ஆள் அனுப்பியிருந்தாள். வலை திருட்டு வலை இல்லை என்று தீர்ந்தது. கிழிந்த வலையை என் தோளில் போட்டு அனுப்பினார்கள். வண்டைச் சொம்பில் ஏந்திக்கொண்டு, இந்தத் தடவை மூடாமல், பாயின் மாட்டுவண்டியில் ஏறினேன். வழியில் அது தானாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கள் ஊர்த் திசையில் பறந்தது.

"பாத்தியா, உனுக்கு முன்னாடி ஊட்டுக்குப் போவுது" என்றார் பாய்.

வீட்டில் கனகம்மா கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கையையும் காலையும் தொட்டுப் பார்த்து, முழுசாக இருப்பது தெரிந்த பிறகுதான் கோபித்தாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "தாலி எடுத்துகினு வர்ற அய்யர வாசல்லயே நிக்க வெச்சிட்டு, பொண்ணு ஏன் முழுகாம இருக்கலன்னு சாணி கரைச்சி ஊத்தினீங்களா?" என்றாள். நான் சொம்பைக் கழுவப் போனேன்.

மறுநாளிலிருந்து வேலை வெட்டியை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். எருக்கம்பூவின் நடுவில் சின்னக் கிரீடம் மாதிரி ஒன்று நிற்கும், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கங்களில் ஊசி முனையால் கீறின மாதிரி அஞ்சு பிளவு. தேன் குடிக்க வரும் வண்டு காலை ஊன்றும்போது அது பிளவில் வழுக்கிச் சிக்கிக்கொள்கிறது. வெடுக்கென்று இழுக்கிறது, இழுத்தால் காலோடு தாலி வருகிறது. அடுத்த பூவில் ஊன்றும்போது அந்தப் பொட்டு அங்கே பிளவுக்குள் போய்ப் பொருந்திக்கொள்கிறது. எங்கள் செடியில் உண்டானது எங்கே போயிற்று என்று பார்த்தால், ரயில் பாதையோர ஊதா எருக்குக்கு! அங்கிருந்து வந்தது எங்கள் வெள்ளைக்கு! அவ்வளவு தூரத்தில் ஒரு பெண்ணும் பிள்ளையும் இருப்பது இந்தக் கருவண்டுக்கு யார் சொன்னது? ஜாதகம் யார் பார்த்தது?

எருக்கோடு போகவில்லை. நான் களை என்று மிதித்துக்கொண்டு நடந்த வரப்பு பூரா அதே காரியம் நடந்தது. கண்டங்கத்திரிப் பூவை அந்தக் கருவண்டு கட்டிப் பிடித்துக்கொண்டு ரீங்ங் என்று உலுக்கும். சல்லடையில் மாவு கொட்டுவதுபோல மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். தும்பைக்கு வேறே சின்னத் தேனீ. கோவைக்கு வேறே. நாம் வேர்க்கடலை விதைக்கிறோம், தண்ணீர் கட்டுகிறோம், காவல் காக்கிறோம். வரப்பில் கிடப்பதற்கெல்லாம் யார் விதைத்தார்கள்? கேட்பாரில்லாமல் வருஷா வருஷம் அதெல்லாம் மறுபடி முளைக்கிறதே, எப்படி? இத்தனை நாளும் நான் உழுத நிலத்தின் ஓரத்திலேயே இவ்வளவு முகூர்த்தம் நடந்திருக்கிறது, ஒன்றுக்கும் என்னை அழைக்கவில்லை, நானாகப் போய்ப் பந்தலைப் பிடித்து இழுத்திருக்கிறேன். பிள்ளையாரே என்று வரப்பிலேயே தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். (பார்த்தவர்கள் பட்டாளத்தில் அடித்ததில் மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.)

பதினைந்தாம் நாள், கடைசிக் கொத்துகளில் பச்சையாகச் சின்னக் கொம்பு மாதிரி முளைத்தது. ஒன்று, இரண்டு, மொத்தம் ஏழு. கனகம்மா தினமும் வந்து விரலால் தொடாமல் கண்ணால் தொட்டுவிட்டுப் போவாள். ஆனியில் காய் முற்றி வெடிக்கிற பதம் வந்தபோது, பஞ்சு காற்றில் போய்விடாதபடி ஆறு காய்க்கு நூல் கட்டினேன். "இதுக்குத்தான் கட்டணும், இப்பக் கட்டுங்க" என்றாள். ஏழாவதைக் கட்ட வேண்டாம் என்று அவளே சொன்னாள். அது வெடித்து, ஒவ்வொரு விதையும் ஒரு வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வரப்புமேல் பறந்து போனதை இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

விளக்கு ஏற்ற ஆரம்பித்த பத்தொன்பதாம் நாள் ஒரு கார்டு வந்தது. கையெழுத்து தணிகாசலத்தினுடையது இல்லை. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தான். மலேரியாக் காய்ச்சல், அஸ்ஸாமில் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்காகக் கிடந்தேன், இப்போது எழுந்து உட்காருகிறேன், அக்காவிடம் சொல்லவும் என்று இருந்தது. கனகம்மா கார்டை வாங்கி, படிக்கத் தெரியாததால் முகர்ந்து பார்த்தாள். அன்றைக்கு விளக்கில் இரண்டு திரி போட்டாள். மீதி நாளும் ஒன்று விடாமல் ஏற்றினாள்.

சண்டை ஓய்ந்து அவன் ஊர் வந்து சேர்ந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான். அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுது முடித்தார்கள். சாப்பிட்டு முடித்து, ஊர்க்கதை எல்லாம் கேட்டான். என் கதையும் வந்தது. மறைக்கப் பார்த்தேன், கனகம்மா விடவில்லை. முழுக்கக் கேட்டவன், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் என்னையே பார்த்தான்.

"ஏன் மாமா, அங்க எங்களுக்குக் கொசுவல பத்தாம, எட்டுப் பேருக்கு ஒண்ணுன்னு கட்டிகினு, கால ஒருத்தன் வெளிய நீட்டி, கொசு கடிச்சிக் கடிச்சி நான் சாவக் கெடந்தேன். எட்டுப் பேர் படுக்கற வலைய நீ இங்க எருக்கஞ்செடிக்குப் போட்டுத் தூங்க வெச்சிருக்கே!"

அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயவில்லை. வீட்டில் யார் எதற்கு அதிகமாகச் சுத்தம் பார்த்தாலும் "எருக்குக்கு வலை போட்டுடப் போறே" என்பார்கள். என் மகள் கல்யாணத்துக்குக் காதர் பாய் புதுக் கொசுவலை ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, "மாப்பிள்ள, மாமனார் கண்ணுல காட்டிடாதீங்க" என்றார். அந்த ஏழாவது காயின் விதைகள் வரப்பு நெடுக முளைத்திருக்கின்றன. சிலது வெள்ளை, பலது ஊதா. வெள்ளைத் தாய்க்கு ஊதாப் பிள்ளை பிறந்ததைப் பார்க்கும்போதெல்லாம், ரயில் பாதையிலிருந்து வந்த சம்பந்தம் இது என்று கை எடுத்துக் கும்பிடுகிறேன். இப்போதும் பிள்ளையாருக்கு எருக்கம்பூ சாத்துகிறேன். வண்டு உட்கார்ந்து எழுந்த பூவாகப் பார்த்துத்தான் பறிக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கதை அழகாக இருக்கட்டும் என்று வண்டை விட்டுவிட்டுப் பிள்ளையாரை மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளையாரை விட்டுவிட்டு வண்டை மட்டும் சொல்லாதீர்கள். பீரங்கியைச் சேர்க்காதீர்கள். முக்கியமாக, நான் "எஸ் சார்" சொன்னது நாலே தடவைதான். தணிகாசலம் பதினொன்று என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். நம்பாதீர்கள்.